ரூலரில் ஒன்றரை அங்குலம்

6-11-67, திங்கள்
நவம்பரிலும் புழுக்கம். மாட்டுங்கா மார்க்கெட்டில் முருங்கை இல்லை.

வார்டு ஆபீஸ். மேப் வரையும் ரிடையரான டிராஃப்ட்ஸ்மேன் என்று மூன்று மாத டெம்பரரி வேலை. பம்பாய் முனிசிபல் தேர்தலுக்குப் பழைய வாக்குச்சாவடிகள் சரியா என்று மேப்பில் அளந்து, அப்படியே வைத்தது நான்தான். இன்று ஆட்சேபம் கேட்கும் நாள். வந்தது ஒன்றே ஒன்று. தாராவி, தோல் பதனிடுபவர் மனைவி கதீஜா பீவி. ஹிந்தி வராது. மராட்டிக்கார ஆபீசருக்கு நான் மொழிபெயர்த்தேன்.

"எங்க சந்துக்கு அந்த ஸ்கூல்லயா ஓட்டு? நடுவுல தண்டவாளம்லா கெடக்கு! கூட்ஸ் நின்னா அடியில குனிஞ்சுதான் போவணும். போன எலெக்‌ஷன்ல எங்க மைனி, அண்ணன் பொஞ்சாதி, புள்ளத்தாச்சி. குனிய முடியாம திரும்பிட்டா."

பாலம் சுற்றினால் ஒரு மணி நேரமாம்.

"கோடு போட்டவுக நடந்து பாத்தாவளா?"

இந்த ஒன்றை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. ஆபீசர்: "மேப்பில் பக்கம்தானே?" பட்டியலை மாற்றவில்லை.

7-11, செவ்வாய்
தூக்கம் சரியில்லை. காபி கசப்பு.
கதீஜா வீட்டிலிருந்து ஸ்கூல்: ரூலரில் ஒன்றரை அங்குலம்.
தண்டவாளம்: மெல்லிய கோடு. பார்த்தேனா? பார்த்தேன், கோடாகத்தான்.

மனைவி: "ஏன்னா, உங்களை யார் கேட்டா? மூணு மாசம் பேசாம இருந்துட்டு வாங்கோளேன்."

பத்து மணிக்கு ஆபீசரிடம் விட்டுப்போன கேள்வியைச் சொன்னேன். கோடு போட்டது நான்தான், நடந்து பார்க்கவில்லை, என்றும். வேலை போயிற்று என்றே நினைத்தேன். ஆபீசர் தொப்பியை எடுத்தார். "சலோ காகா." வாருங்கள் பெரியவரே, போகலாம் என்று.

தாராவி தண்டவாளத்தில் கூட்ஸ் நின்றிருந்தது. சந்துப் பக்கம் கதீஜா, கைக்குழந்தையுடன் மைனி, இன்னும் பல பெண்கள்.
கதீஜா: "ரெண்டு பேரும் கொஞ்சம் குனிங்க பாப்போம்!" ஒரே சிரிப்பு.

குனிந்தேன். தலைக்கு மேல் இரும்பு, எண்ணெய்ச் சொட்டு. எங்கோ தூரத்தில், எஞ்சின் இழுத்ததில், ஒரு இடி. அது பெட்டி பெட்டியாக நெருங்கி வந்தது. கதீஜா என் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டாள். சக்கரம் நகர்ந்தது.

இதன் அடியில் போய் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள்! வேட்டி கசங்காமல் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவன் நான். கைகூப்பத் தோன்றியது. கூச்சம்.

கடைசிப் பெட்டி போனதும் ஆபீசர் சுற்றிலும் பார்த்தார். பிறகு, "இந்தப் பக்கம் முனிசிபல் மருந்தகம் இருக்கிறதே?"

10-11, வெள்ளி
கண்ணாடி ரிப்பேர் ஆயிற்று. திருத்திய பட்டியல் ஒட்டியாயிற்று: மருந்தகத் தாழ்வாரம். இரண்டு முறை சரிபார்த்தேன்.

சாயங்காலம் சந்தில் வாக்காளர் பெயர்களை உரக்கப் படித்தேன்.
மைனி: "எம் பேரு இருக்கா?"
"இருக்கும்மா. நாற்பத்தொன்றாம் நம்பர்."
"இன்னொருக்கா படிங்க."
படித்தேன்.

மைனி வாசலிலிருந்து மருந்தகம்: நூற்று நாற்பத்தாறு தப்படி. ரூலர் எடுத்துப்போகவில்லை. சந்தேகம், திரும்ப நடந்து எண்ணினேன். அதே நூற்று நாற்பத்தாறு.