நினைவில்லை என்றார்கள்

இன்றைக்குப் பிறஷர் குளிசை எடுக்க எங்கடை தீவு ஆஸ்பத்திரிக்குப் போனனான். வாங்கில் இருந்தபோது ஒருத்தி நிலம் கழுவிக்கொண்டு வந்தாள். அந்த மருந்துத் தண்ணியின் மணம் மூக்கில் ஏறினது. பட்டினத்து ஆஸ்பத்திரியில் நீர் படுத்திருந்த கட்டிலடியிலும் இதே மணம்தான். குளிசையும் வாங்காமல் எழும்பி வந்துவிட்டேன்.

வந்ததும் மகனைக் கூப்பிட்டு, நான் சொல்லச் சொல்ல எழுதடா என்றேன். ஆருக்கு அப்பா என்று கேட்டான். கொம்மாவுக்கு என்றேன். அவன் கொப்பியையும் பேனையையும் எடுத்தான்.

கல்வேலி சரிந்தால் நான் அடுக்க, நீர் கல் எடுத்துத் தருவீர். கையில் கல்லை வைத்துக்கொண்டே ஏதாவது கேட்பீர். இந்தக் கல்லெல்லாம் ஒரு காலம் கடலுக்குள் பவளப்பாறையாக உயிரோடு வளர்ந்ததாம், தான் இருக்கிறது அப்போது அதற்குத் தெரிந்திருக்குமோ என்பீர். ஒரு நாள் கேட்டது இன்னும் காதில் கிடக்கிறது.

"இஞ்சேருங்கோ, கனவும் இல்லாத நித்திரையிலை நீங்கள் இருக்கிறியளோ, இல்லையோ?"

"இல்லாட்டி உந்தக் குறட்டை விட்டது ஆர்?"

"குறட்டை விட்டது உடம்பு. நான் கேக்கிறது உங்களை."

முதலில் கல்லைத் தாரும் என்றேன். மறுமொழி சொன்னால்தான் தருவேன் என்று நின்றீர். அன்றைக்கு அந்த வேலி முடியவேயில்லை. மாடு உள்ளே வந்து கீரைப் பாத்தியைத் தின்றதுதான் மிச்சம். அதற்கும் என்னைத்தான் ஏசினீர்.

படித்த உமக்குத்தான் மறதி வந்தது. எனக்கு எழுத்தில்லை, எல்லாவற்றையும் தலைக்குள்ளேயே வைத்திருந்து பழகிவிட்டேன். முதலில் உப்புப் போத்தல் வைத்த இடம் உமக்குத் தப்பியது. பிறகு மகனுடைய பேர். பிறகு நான். எனக்கு நினைவில்லை, நினைவில்லை என்று குசினி வாசலில் நின்று அழுவீர். அப்போதெல்லாம் உம்மைக் கதிரையில் இருத்தி எங்கடை கலியாணக் கதையைச் சொல்லுவேன். கலியாணம் முடித்து வேலணையிலிருந்து உம்மைத் தோணியில் கூட்டி வருகிறேன். இறங்குதுறையில் மேளக்காரரும் சனமும் நிற்கிறார்கள். மாப்பிள்ளை முறுக்கில் எல்லாருக்கும் முதல் நான் குதிக்கிறேன். பாசி வழுக்கிக் கழுத்தளவு தண்ணிக்குள் நிற்கிறேன். தலைப்பாகை தனியாக மிதந்து போகிறது. அந்த இடத்தில் நீர் சிரிப்பீர். சிரித்தால் நீர் வந்துவிட்டீர் என்று எனக்கு விளங்கும். ஒருமுறை சொன்னீர், "உங்கடை நினைவிலை கொஞ்சத்தை எடுத்து எனக்குத் தந்திட்டுத்தான் நீங்கள் சாகவேணும்." நான்தான் முந்திப் போவேன் என்று இரண்டு பேரும் நினைத்திருந்தோம்.

கிணற்றடியில் விழுந்த உம்மைப் படகில் ஏற்றிப் பட்டினத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே நேர்ஸ் பிள்ளை வந்து பார்த்துவிட்டு, நினைவில்லை ஐயா என்றாள். வீட்டிலும் இல்லைத்தான் பிள்ளை, நான் வரப்பண்ணுவேன் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள். அந்தச் சொல் எனக்குத் தெரியாத சொல்லல்ல. ஆனால் இரண்டு வருசமாக எங்கடை வீட்டில் அதற்கு ஒரு பொருள்தான் இருந்தது.

மூன்று நாள் கதைத்தேன். மாடுகளின் பேர், கிணறுகளின் பேர், இடம்பெயர்ந்து போய் இருந்த வீடுகள், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அந்தக் கலியாணக் கதையை எத்தனை தரம் சொன்னேனோ. மூன்றாம் நாள், கதையில் தோணி இறங்குதுறைக்கு வந்து சேர்ந்த நேரம் டொக்டர் வந்தார். இளம் ஆள், பொறுமையானவர். என் தோளில் கை வைத்துச் சொன்னார்.

"ஐயா, இது மறதி இல்லை. அம்மாவுக்கு உணர்வே இல்லை. நீங்கள் கதைக்கிறது ஒண்டும் அவவுக்குக் கேக்காது."

பக்கத்துக் கட்டில்காரர் எல்லாரும் பார்த்தார்கள். ஆளில்லாத வீட்டுப் படலையில் நின்று மூன்று நாளாகக் கூப்பிட்டவன் மாதிரி எனக்கு வெட்கம் வந்துவிட்டது. வாயை மூடினேன். நான் குதித்ததையும் சொல்லவில்லை, தலைப்பாகை மிதந்ததையும் சொல்லவில்லை. அடுத்த நாள் முழுக்க உமக்குப் பக்கத்தில் கல்லுப்போல இருந்தேன். பின்நேரம் நீர் போய்விட்டீர்.

உம்முடைய சீலையை மடித்துப் பையில் வைக்கும்போது, பக்கத்துக் கட்டிலில் தாயைப் பார்த்துக்கொண்டிருந்த மனுசி கிட்ட வந்தாள். "ஏன் ஐயா இண்டைக்கு ஒண்டும் கதைக்கேல்லை? நீங்கள் கதைக்கேக்கை அவவின்ரை கண்ணோரம் நனையிறதை நான் கண்டனான்."

டொக்டரிடம் ஓடிப்போய்க் கேட்டேன். கண் தன்பாட்டில் நீர் விடும், அதில் ஒன்றுமில்லை என்றார். படித்தவர், பொய் சொல்லமாட்டார். அந்த மனுசிக்கும் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை.

ஊருக்கு வந்து கோயில் ஐயரிடம் கேட்டேன். ஆன்மா அழியாது என்றார். அழியாதது இருக்கட்டும் ஐயா, அன்றைக்கு அவவுக்குக் கேட்டதோ என்றேன். அவர் திருநீறு தந்தார்.

மூச்சு விட்டது உடம்பு, அது எனக்கும் தெரியும். நான் கேட்கிறது உம்மை. உள்ளே இருந்தீரோ? இருந்திருந்தால், பழகின குரல் ஒன்று பாதிக் கதையில் அறுந்துபோனதை என்னவென்று நினைத்தீர்? நான் எழும்பிப் போய்விட்டேன் என்றோ? அலுத்துவிட்டேன் என்றோ? தோணி கரைக்கு வந்து, ஒருவரும் இறங்காமல், நாள் முழுக்க நீர் அதற்குள் தனிய இருந்தீரோ? இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. விடியக் கண் முழிக்கிற நேரமெல்லாம் எனக்கு முதலில் வருகிறது அந்த ஒரு நாள்தான்.

இப்போது மகனிடம் ஒன்று சொன்னேன். நானும் ஒரு நாள் அப்படிக் கிடந்தால், ஆர் என்ன சொன்னாலும் நீ கதைத்துக்கொண்டே இருக்கவேணும். எதையென்றாலும் கதை, மாட்டு விலையையாவது கதை. அவன் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"கேக்குமோ அப்பா?"

"எனக்கும் தெரியாதடா. நீ நிப்பாட்டாதை."

எனக்குக் கேட்டால், உமக்கும் கேட்டது என்று அன்றைக்கு அறிவேன். அதை ஒருவருக்கும் சொல்ல ஏலாது. கேட்காவிட்டால், உமக்கும் கேட்கவில்லை என்று அறிந்து ஆறுதல்பட அங்கே நான் இருக்கமாட்டேன்.