நெருப்புக்கும் மூச்சு வேண்டுமாம்

இன்றைக்குக் காலையில் மாட்டுங்கா மாமி வீட்டுக் குளியலறையில் தீக்குச்சியைக் கிழித்து கேஸ் கீஸரில் காட்டினேன். குப்பென்று பிடித்தது. கேஸும் தீக்குச்சி மருந்தும் கலந்த அந்த மணம் மூக்கில் ஏறியதும் கை அப்படியே நின்றுவிட்டது. செம்பூர் கேஸ் கடையிலிருந்து உங்கள் சட்டையோடு வீட்டுக்கு வந்த மணம். எத்தனை சோப்புப் போட்டுக் கும்மினாலும் போகாத மணம். நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. சட்டையிலிருந்தும் போய்விட்டது. இங்கே ஊரான் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எழுதவும் கை வரவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்ற எழுத்து, கோணலாகத்தான் இருக்கும். பரவாயில்லை. உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. அதை இன்றைக்கே எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அந்த வீட்டில் நான் சமையலுக்குச் சேர்ந்து நாலு நாள்தான் ஆகிறது. கீஸரைப் பற்ற வைப்பதற்கு முன்னால் நான் சன்னலைத் திறந்ததை மாமி பார்த்துவிட்டாள்.

"பரவாயில்லையே, ஒனக்குத் தெரிஞ்சிருக்கே! முன்னாடி இருந்தவளுக்கு நூறு தரம் சொல்லணும். யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லல மாமி. ஒரு பயம், அதான்."

"பயமா? பயப்படறதுக்கு ஒண்ணுமே இல்லே. காரணம் தெரிஞ்சா பயம் போயிடும். எங்காத்துக்கு ஒரு ஃபிட்டர் வருவார், நம்ம தமிழ்க்காரர்தான், செம்பூர்லேர்ந்து. அரை மணி நின்னு எனக்குப் பாடமே எடுத்துட்டார். இதோ பாரு, சொவத்துல படம் போட்டே காட்டினார்."

கீஸருக்குப் பக்கத்தில், சுண்ணாம்பில் பென்சில் கோடு. ஒரு பெட்டி. பெட்டிக்குள் மூன்று நாக்காக நெருப்பு. பக்கத்தில் ஒரு சன்னல். சன்னலிலிருந்து நெருப்புக்கு ஓர் அம்பு, பெட்டியிலிருந்து வெளியே ஓர் அம்பு.

"'நெருப்பும் நம்மளாட்டம்தான் மாமி, அதுக்கும் மூச்சு வேணும். நீங்க காத்து குடுக்கலைன்னா ஒங்க காத்தை எடுத்துக்கும். அப்புறம் வெஷத்தை வெளிய விடும், மணமே தெரியாது'ன்னார். பாவம், ரொம்பத் தன்மையான மனுஷன். இடது கைக் கட்டைவெரல்ல நகமே கெடையாது."

அந்த நகம் எந்தக் குழாய்த் திருகில் போனது என்று எனக்குத் தெரியும். அந்த விரலுக்கு மஞ்சள் வைத்துக் கட்டியவள் நான். மாமியிடம் ஒன்றும் சொல்லவில்லை. உங்களிடம்தான் கேட்கிறேன். அரை மணி நேரம் நின்று சொன்னீர்களாமே. படம் வேறு போட்டீர்களாமே. எனக்கு ஏன் சொல்லவில்லை?

நம் வீட்டுக்கு கேஸ் வந்த நாள் நினைவிருக்கிறதா? எண்பதாம் வருஷத்துக்கு முன்பே பேர் பதிந்து, நம்பருக்காகக் காத்திருந்து, கடைசியில் சிலிண்டர் வந்தபோது தாராவியில் நம் சந்தே வந்து எட்டிப் பார்த்தது. நான் அதற்குப் பொட்டு வைத்தேன். நீங்கள் சிரித்தீர்கள். அன்றையிலிருந்து எனக்குக் கிடைத்ததெல்லாம் ஒற்றை வார்த்தைதான். "மூடுட்டி." "குறைட்டி." "அணைட்டி." சோறு பொங்கும்போது மூடி போடச் சொல்வீர்கள். ஏன் என்றால், "சொன்னா செய்யி." ஒரு சிலிண்டர் தீர்ந்து அடுத்ததற்கு நம்பர் போட்டால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் நானும் செய்தேன். ஆனால் காரணம் தெரியாமல் செய்கிறவளுக்கு எங்கே செய்யக் கூடாது என்பதும் தெரியாது. இது உங்கள் மண்டையில் ஏறவே இல்லை.

பேச்சி பேறுகாலத்துக்கு வந்தாள். உங்கள் ஒரே தங்கச்சி. தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளைக்குத் தாய்வீடு என்றால் நம் பத்துக்குப் பத்து ரூம்தான். வரும்போதே அவள் மாமியார் ரயிலடியில் வைத்துச் சொன்னாளாம்: "பம்பாய்ல பேறுகாலமா? அங்க வெந்நிக்காவது வழி இருக்காட்டி?" பேச்சி அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு நெஞ்சில் தைத்துவிட்டது.

வழி இருக்கிறது என்று காட்ட வேண்டாமா? பிள்ளை பெற்றவளுக்கு இடுப்பில் வெந்நீரை ஓங்கி அடித்து ஊற்ற வேண்டும். நாற்பது நாளைக்குத் தவறக் கூடாது. குழாயில் தண்ணீர் வருவதே விடிகாலை ஒரு மணி நேரம். ரேஷன் மண்ணெண்ணெயில் பம்ப் ஸ்டவ் மூட்டி, இரண்டாம் தவலை கொதிப்பதற்குள் முதல் தவலை ஆறிவிடும். மேலே பரணில், அந்த மாளாவில், சாக்குக்குள் ஒரு கீஸர் கிடந்தது. யாரோ கழித்துப் போட்டதை நீங்கள் சரிபண்ணி வைத்திருந்தீர்கள். தினமும் அண்ணாந்து அதைப் பார்ப்பேன்.

"ஏங்க, அத இறக்கி மாட்டிக் குடுங்க. நாப்பது நாளைக்குத்தான."

"வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

"வேண்டாம்னா வேண்டாம்ட்டி. இந்த ரூமுக்கு அது ஆகாது."

"மாட்டுங்காக்காரி வீட்டுக்கு ஆகும், எனக்கு ஆகாது. ஊர்ல உள்ள பொம்பளைக்கெல்லாம் வெந்நி வச்சிக் குடுக்க ஆளு, கூடப்பொறந்தவளுக்கு வைக்க மாட்டீக. அப்படித்தான?"

பேச்சி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டு வெளியே போனீர்கள். 'இந்த ரூமுக்கு ஆகாது' என்றால் நான் என்ன நினைப்பேன்? நமக்கு அந்த யோக்கியதை இல்லை என்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். காற்றைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று யாருக்குத் தெரியும்? இன்னும் நாலு வார்த்தை கூடச் சொல்லியிருந்தால் நாக்கு தேய்ந்தா போயிருக்கும்?

பிறகு செய்தது முழுக்க நான்தான். மறைக்கவில்லை. மறுநாள் நீங்கள் வேலைக்குப் போனதும், உங்களோடு கடையில் வேலை பார்க்கும் கடையநல்லூர்க் காதர் அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினேன். அவருக்கு அன்றைக்கு லீவு.

"அண்ணாச்சி மாட்டச் சொன்னாகளாம்மா?"

"சொன்னாக. அவுகளுக்கு நேரமில்லன்னு உங்களக் கூப்புடச் சொன்னாக."

"அப்ப சரி. விவரமெல்லாம் அண்ணாச்சியே சொல்லியிருப்பாக." குளிக்கிற மூலையான மோரிக்கு மேலே, சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி இருக்குமே, அதை அண்ணாந்து பார்த்தார். "மேல இடம் இருக்கு. பாதகமில்ல." விடிகாலையில் பிடித்து மாளாவில் வைத்திருந்த தண்ணீர் டிரம்மோடு குழாயைச் சேர்த்து மாட்டிக் கொடுத்துவிட்டு டீ கூடக் குடிக்காமல் போனார்.

இடம் இருக்கு என்று எதைச் சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. நான் பொய் சொன்னதால் அவர் விளக்கவில்லை. நீங்கள் விளக்காததால் நான் பொய் சொன்னேன்.

பதினோரு மணிக்கு மழை பிடித்தது. பம்பாய் மழை. இரண்டு மணியாகியும் விடவில்லை. அந்த இடைவெளி வழியாகச் சாரலும் குளிர்காற்றும் நேரே மோரியில் விழுந்தது. பச்சை உடம்புக்காரி அங்கே உட்கார்ந்து குளிக்கணும். காதில் பஞ்சு வைத்து, தலையில் துணி கட்டி, காற்றுப் படாமல் காக்க வேண்டிய உடம்பு. பிள்ளையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு, என் பழைய சேலையைச் சுருட்டி அந்த இடைவெளியில் திணித்தேன். போதவில்லை. கீஸர் இருந்த சாக்கையும் வைத்து அடைத்தேன். சன்னலைச் சாத்தினேன். கதவையும் சாத்தி, அடியில் மிதிதுணியைத் தள்ளினேன்.

அதோடு விட்டேனா? எனக்குள்ளே ஒரு பெருமை வேறு. சூடு ஒரு பொட்டுக்கூட வெளியே போகவில்லை, ரூமே கதகதவென்று இருக்கிறது, இப்படி அடைத்தால் கேஸும் மிச்சந்தானே, சாயங்காலம் வந்து பார்க்கட்டும் என்று. சோற்றுப் பானைக்கு மூடி போடச் சொன்னது நீங்கள்தானே. நான் ரூமுக்கே மூடி போட்டேன்.

முதலில் நெருப்பு நீலமாக எரிந்தது. பிறகு மஞ்சளானது. குத்துவிளக்கு மாதிரி அழகாக எரிகிறது என்று நினைத்தேன் நான்.

"மைனி, தலைய வலிக்கி."

"பச்ச ஒடம்புக்கு அப்படித்தான் இருக்கும். குனி, இடுப்புக்கு ஊத்துதேன்."

"கண்ணு இருட்டுது மைனி."

"மூணு நாளா ஒழுங்கா சாப்பிட்டாத்தான?" என்றேன். என் காலும் அப்போது பஞ்சாகத்தான் இருந்தது. செம்பு கையை விட்டு விழுந்தது. பேச்சியின் தலை என் முட்டியில் சாய்ந்தது. விளையாடுகிறாள் என்று நினைத்தேனா, என்ன நினைத்தேன், தெரியவில்லை. எழுந்திருக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி ரயில் நின்றுபோனதால்தான் நீங்கள் அன்றைக்குப் பாதியில் திரும்பினீர்கள். குர்லாவிலிருந்து இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தீர்கள். சந்துக்குள் நுழையும்போதே தகரத்துக்குக் கீழே சாக்கு துருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டீர்கள். எந்தச் சாக்கு என்று உங்களுக்குத் தெரியாதா? அதை வெளியிலிருந்தே பிடித்து இழுத்தீர்கள். கதவை உதைத்த சத்தம் எனக்கு எங்கோ தூரத்தில் கேட்டது. அவளைச் சேலையோடு வாரிக்கொண்டு போய் மழையில் கிடத்தினீர்கள். திரும்பி வந்து என் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தீர்கள்.

அந்த நேரத்திலும் நான் கத்தினேனே: "பிள்ளை பெத்தவள மழையில போடாதீங்க! ஜன்னி வந்துரும்!"

"வாய மூடுட்டி!"

அப்போதும் ஒற்றை வார்த்தைதான்.

மழை முகத்தில் அடிக்க அடிக்கப் பேச்சி இருமினாள். அந்த இருமலைப் போல ஒரு சத்தத்தை நான் இதுவரை கேட்டதில்லை. சந்தே கூடி நின்றது. அக்கா மடியில் பிள்ளை வீல் என்று அழுதது. நீங்கள் சேற்றில் உட்கார்ந்து, தங்கச்சியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தீர்கள். இதோ இப்போது திட்டப் போகிறீர்கள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கைநீட்டவும் இல்லை. சாயங்காலம் கீஸரைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு போனீர்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே நம் வீட்டில் எழவில்லை.

மறுநாள் காதர் அண்ணன் வந்து வாசலில் நின்றார். "நாந்தான் ஒரு வார்த்தை உங்களக் கேட்டிருக்கணும், அண்ணாச்சி."

"ஒன் தப்பு இல்லப்பா. என் தப்புதான்" என்றீர்கள்.

உள்ளே பேச்சி, "நாந்தான் ஊர்ல இருந்து வந்து உங்களுக்குக் கஷ்டம்" என்றாள். எல்லாருமாகத் தப்பைப் பங்கு போட்டுக்கொண்டீர்கள். செய்தவளுக்கு ஒரு பங்கும் தரவில்லை. எனக்கு அதுதான் ஆறவில்லை. 'ஏட்டி கூறுகெட்டவளே, இதனால இப்படி ஆச்சு' என்று காரணத்தோடு நாலு வசவு விட்டிருந்தால், அன்றைக்கே அழுது தீர்த்து, தெரிந்துகொண்டு, மனுஷியாக எழுந்திருப்பேன். நீங்கள் மௌனமாக இருந்து என்னை வருஷக்கணக்காகப் பயத்திலேயே உட்கார வைத்துவிட்டீர்கள். காற்றைக் கண்டாலும் பயம், கதவைச் சாத்தினாலும் பயம். எதற்குப் பயம் என்று மட்டும் தெரியாது.

அதற்குப் பிறகு மிச்ச நாளுக்கு நீங்களே வெந்நீர் போட்டீர்கள். தச்சுப் பட்டறையிலிருந்து மரத்தூள் வாங்கி வந்து, சந்தில் தகர டின்னில் இடித்து அடைத்து அடுப்பாக்கினீர்கள். தவலையைச் சுற்றி அந்தக் கீஸர்ச் சாக்கையே இரண்டு மடிப்பாகச் சுற்றிக் கம்பி போட்டுக் கட்டினீர்கள். மேலே கனத்த மூடி. அடுப்பை விட்டு இறக்கி வெகுநேரம் கழித்துக் கையை விட்டாலும் சுட்டது. பேச்சி ஊருக்குப் போகும்போது இரண்டு கன்னமும் உப்பித்தான் போனாள். அவள் மாமியார் வாயைத் திறக்கவில்லையாம்.

இன்றைக்கு மாமி படத்தைக் காட்டியபோதுதான் அந்தத் தவலை ஞாபகத்துக்கு வந்தது. சூட்டைக் காக்க வேண்டுமென்றால் பானையைத்தான் போர்த்த வேண்டும், ரூமை இல்லை. தினமும் என் கண் முன்னால் கட்டி வைத்திருந்தீர்கள். எனக்கு நீங்கள் சொன்ன பதில் அதுதானோ? இருக்கலாம். ஆனால் சாக்குக்கு வாயா இருக்கிறது? நானாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று விட்டீர்களா, இவளுக்கு எங்கே புரியப் போகிறது என்று விட்டீர்களா? இரண்டில் எது என்று சொல்ல இப்போது நீங்கள் இல்லை. எனக்கு எழுத்துத்தான் கோணல், கண் கோணல் இல்லை. ஒரு பென்சிலை எடுத்து நம் சுவரில் இரண்டு அம்பு கிழித்திருந்தால் நான் பார்த்திருக்க மாட்டேனா?

சமையல் முடித்துக் கிளம்பும்போது மாமியிடம் கேட்டேன். "அந்த ஃபிட்டர் சொன்னத இன்னொரு தரம் சொல்லுங்க மாமி. அவரு சொன்ன மாதிரியே."

எனக்கு முதல் தரம் புரியவில்லை என்று மாமி நினைத்துக்கொண்டாள். நல்ல மனசு. குளியலறைக்கே திரும்பக் கூட்டிப் போய் முதலிலிருந்து சொன்னாள். நீலமாக எரிந்தால் காற்று போதுமாம். மஞ்சளானால் மூச்சு முட்டுகிறதாம், உடனே அணைத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டுமாம். கொதிக்கக் கொதிக்கப் பிடித்துப் பச்சைத் தண்ணீர் கலப்பது கேஸுக்கு நஷ்டமாம், வேண்டிய சூட்டுக்கே வைத்துப் பிடிக்க வேண்டுமாம். குளித்து முடித்ததும், கீஸருக்குள் எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கிற அந்தச் சின்ன நெருப்பையும் அணைத்துவிட வேண்டுமாம். "'வேலையில்லாம ஒக்காந்து திங்கற மாப்பிள்ளை மாமி அது'ன்னார்" என்று மாமி சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அது உங்கள் பேச்சுத்தான். வெளியே இப்படியெல்லாம் பேசுவீர்களா?

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அரை மணியும் நின்று கேட்டேன். என் வீட்டுக்காரர் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால், 'ஒனக்கு இதெல்லாம் முன்னாடியே தெரியுமே' என்று மாமி பாதியில் நிறுத்தியிருப்பாள்.

இப்போது எனக்குக் காரணம் தெரியும். பயம் போய்விட்டது. கோபம் போகவில்லை. நாளைக்கும் அந்தச் சன்னலைத் திறப்பேன். கோபத்தோடுதான் திறப்பேன். ஒரு நாளும் திறக்காமல் இருக்க மாட்டேன்.