எறும்பு ஏறாத பேணி

வெள்ளவத்தை, கொழும்பு

அன்புள்ள அம்மா,

உங்கடை முழங்கால் நோ இப்ப எப்பிடி? நான் நல்ல சுகம். சந்திரன் அண்ணையிட்டைக் குடுத்துவிட்ட தட்டைவடைத் தகரப் பேணி கிடைச்சுது.

அதாலை ஒரு சின்னப் பகிடி. பேணியை மடியிலை வைச்சுக்கொண்டு பஸ்ஸிலை வந்தன். எறும்பு ஏறாமல் மூடியைச் சுத்திக் கரண்ட் வயருக்குப் போடுற கறுப்பு ரேப் ஒட்டியிருந்தீங்கள் எல்லோ? அதைக் கண்ட பக்கத்துச் சிங்கள அம்மா குண்டெண்டு கத்த, பஸ் முழுக்க இறங்கி ஓடிச்சுது. ஆமிக்காரன் வந்து அடையாள அட்டையிலை என்ரை பேரைப் பார்த்தான். "தமிழனோ? றோட்டிலை இரு. நீயே திறந்து தின்" எண்டான். எல்லாரும் தூர நிண்டு பார்க்க, நான் இருந்து திண்டன். வடை நல்ல மொறுமொறுப்பு அம்மா, தண்ணியில்லாமல்தான் இறங்கேல்லை.

பிறகு அந்த அம்மா கிட்ட வந்து குந்தினா. "என்ரை தம்பி போன மாசம் பஸ் குண்டிலை செத்தவன், மகனே. பயத்திலை கத்திப்போட்டன்" எண்டு சிங்களத்திலை சொல்லி, ஒரு வடையை எடுத்துக் கடிச்சா.

இப்ப வேலைக்கு நேரமாச்சு. அடுத்தமுறை ரேப் ஒட்டாமல், கண்ணாடிப் போத்தலிலை போட்டு விடுங்கோ. எறும்பு வந்தால் வரட்டும்.

உங்கடை மகன்,
குகனேசன்