பத்தாவது பாட்டு

இன்று காலை ஸ்பீக்கருக்குப் பின்னால் தூசி தட்டும்போது அந்தச் சின்னக் கண்ணாடிப் பாட்டில் உருண்டு வந்தது. இருமல் மருந்துப் பாட்டில். சுண்டுவிரலில் அதை மாட்டிக்கொண்டு கிட்டார்க் கம்பி மேல் நீ இழுத்தால், திருநகரில் இருக்கும் என் ஸ்டூடியோவே அழும். அதைக் கையில் எடுத்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

உசிலம்பட்டி, பேரையூர் என்று திருவிழா மேடைகளில் குத்துப்பாட்டு வாசித்துப் பிழைத்தாய். ஆசை முழுக்க அமெரிக்கக் கறுப்பர்களின் துக்கப் பாட்டான புளூஸ் மேல். ஆல்பம் போடுவோம் என்று வந்து, பத்தில் ஒன்பதை அந்நிய ஊர்க்காரர்கள் பாடிய பாட்டாகவே எடுத்தாய். பாட்டுக்குக் குரல் கிடையாது, கிட்டார்தான். உனக்கென்று சரக்கே இல்லையா என்று திட்டினேன்.

"நம்ம துக்கத்த நமக்கு முன்னாடியே எவனோ பாடி வச்சுட்டுப் போயிட்டான் மாப்ள. திருப்பி வாசிச்சாப் போதும்" என்றாய்.

பத்தாவது மட்டும் உன் சொந்த மெட்டு.

முதலில் நீ ஒரு தடவை சும்மா வாசிப்பாய். 'கைடு' என்போம். அதைக் கேட்டு டிரம்ஸ்காரர் வாசித்ததும் நீ மறுபடி ஒழுங்காக வாசிப்பாய். நான் கைடை அழித்துவிடுவேன். ஒன்பது பாட்டுக்கும் அப்படித்தான். பத்தாவதற்கு டிரம்ஸ் முடிந்ததும் பேரையூர்க் கச்சேரிக்குக் கிளம்பினாய். வியாழக்கிழமை வாரேன் என்றாய். நீ வாசல் தாண்டுவதற்குள், பாவி நான், கைப்பழக்கத்தில் கைடை அழித்துவிட்டேன். வந்து வாசிக்கப் போகிறவன்தானே என்று பெரிதாக நினைக்கவும் இல்லை. புதன்கிழமை உன் நெஞ்சு நின்றுபோனது.

போன மாதம் உன் மகள் வந்தாள். "மாமா, அப்பா சொந்தமாப் போட்டது ஒண்ணு இருக்காம்ல. அத மட்டும் கேக்கணும்" என்றாள்.

எவனோ பாடிய மூன்றாவது பாட்டை, அதுதான் இது என்று போட்டேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, அப்பா பேசுற மாதிரியே இருக்கு மாமா என்றாள். ஆமாம்மா என்றேன்.

ஆல்பத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் உரியவன் பேரை எழுதச் சொல்லி என் உயிரை வாங்கியவன் நீ. இருந்திருந்தால் என்னைச் செருப்பால் அடித்திருப்பாய். தினமும் உன் போட்டோ முன்னால் அவள் என்னிடம் வாங்கிப் போன அந்த மூன்றாவது பாட்டைத்தான் போடுகிறாளாம். இனி எந்த முகத்தோடு போய்ச் சொல்வேன்?

பத்தாவதில் டிரம்ஸ் மட்டும் மிச்சம் இருக்கிறது. ஆளில்லாதபோது போட்டுக் கேட்கிறேன். எந்த இடத்தில் நீ நுழைவாய் என்று எனக்குத் தெரியும். அந்த இடம் வருவதற்குள் நிறுத்திவிடுகிறேன்.