உதவிப் பேராசிரியர், ஓர் இடம்

ஜூலை 8
தூறல் நிற்கவே இல்லை. துவைத்த புடவை இன்னும் ஈரம்.

ஸ்டாஃப் ரூமில் எச்.எம். செல்போனை நீட்டினார். மலைக்குக் கீழே, பல்கலைக்கழகக் கணிதத் துறையில் ஆள் எடுக்கிறார்கள். உதவிப் பேராசிரியர் ஓர் இடம், கம்ப்யூட்டர் லேபுக்கு ஒருவர், அலுவலக உதவியாளர் ஒருவர். "பிஎச்.டி. முடிச்சுட்டு எட்டாம் வகுப்புக்குப் பின்னம் நடத்திட்டு இருக்கீங்களே, போடுங்கம்மா."

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் பெருமாள் மரவள்ளிக்கிழங்கு உரித்தபடி, "ஆபீஸ் உதவியாளருக்கு எட்டாவது போதுமாமே? நானும் போடறேன் புள்ள. நீ உள்ள கணக்குச் சொல்லிக்குடு, நான் வெளிய டீ வாங்கியாரேன்."

"அப்ப மிளகுக் கொடிய யாருங்க பாக்கறது?"

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. இந்த மனிதருக்காகத்தானே தூத்துக்குடிக்காரி நான் மாற்றல் கேட்காமல் இந்த மலைமேல் வாழவந்தி நாட்டிலேயே கிடக்கிறேன். கொடியைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டாம்.

ஜூலை 11
கொஞ்சம் வெயில். செம்மேடு, பிரவுசிங் சென்டர். கட்டுரைகள், சான்றிதழ்கள், போட்டோ. ஏற்றி முடிப்பதற்குள் கரண்ட் போய்ப் போய் வந்தது. பெ. வாசலில் வண்டியோடு காத்திருந்தார். தனக்கு விண்ணப்பம் போடும் பேச்சே எடுக்கவில்லை. உளுந்து வாங்க மறந்தாச்சு.

ஆகஸ்ட் 3
பனிமூட்டம். நேர்காணலுக்கு அழைப்பு! பத்து நிமிட மாதிரி வகுப்பு எடுக்க வேண்டுமாம். தலைப்பு: சார்புகளின் தொடர்ச்சி.

அடுப்படியில் ஒத்திகை. பழைய காலண்டரின் பின்பக்கம்தான் போர்டு, பெ.தான் மாணவர். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார்.

"என்னங்க புரிஞ்சுது?"

"ஒண்ணும் புரியல. நீ பேசறது நல்லாருக்குது, இன்னொருக்கா சொல்லு."

இவரை வைத்துக்கொண்டு எங்கே உருப்பட!

ஆகஸ்ட் 10
மழை. மானம் போன நாள்.

வெளியே காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் யாரோ: "இடம் முன்னாடியே முடிவாயிடுச்சாம்."

நேர்காணல் குழுவில் ஐந்து பேர். பாதி வகுப்பில் தலைவர் செல்போனைத் தடவ ஆரம்பித்தார். என் கை தானாக மேசையைத் தட்டியது. வாயும் தானாக: "கண்ணு, போன உள்ள வை. இங்க பாரு சாமி, அடுத்து என்ன வரும்?"

எட்டாம் வகுப்பில் தினமும் சொல்வது, நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. நரைத்த தலை மனிதர் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தார். "தெரியலைங்க மிஸ்," என்றார். ஓரத்தில் இருந்த பேராசிரியை வாயைப் பொத்திக்கொண்டார். வேறு வழி? முதலிலிருந்து மறுபடி விளக்கினேன்.

பெ. கேட்டுவிட்டுப் புரை ஏறும்வரை சிரித்தார். "போனாப் போவுது உடு புள்ள." சொல்லும்போது முகத்தில் ஒரு நிம்மதி. எனக்கும்தான். அதுதான் வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 24
வெயில். மெயில் வந்துவிட்டது. எனக்குத்தான் வேலை. எனக்குத்தான்!

பெ.விடம் படித்துக் காட்டினேன். சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்துப் போய்விட்டார். சோறு ஆறிப்போனது. கோபமா, வருத்தமா, தெரியவில்லை. வாரம் முழுக்க இந்த ஆளை விட்டுவிட்டுக் கீழே போய் இருந்து யாருக்கு என்ன சொல்லிக்கொடுப்பது? வேண்டாம் என்று எழுதிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

சாயங்காலம்தான் வந்தார்.

"எங்கீங்க போனீங்க?"

"பஸ் ஸ்டாண்டுக்கு. வெள்ளிக்கிழமை கடைசி பஸ் ஓட்டறது நம்ம பங்காளிதான். டீச்சர் வந்து ஏறாம மலைக்கு வண்டிய எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கறேன்."

வேலையில் சேரப்போகிறேன் என்று நான் இன்னும் சொல்லவே இல்லை.