உயரமான வண்டியும் உன் அப்பாவின் பெருமையும்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தங்கை மூவரும் நலம். அப்பாவின் வாய் மட்டும் எங்கள் எல்லாரையும்விட நலமாக இருந்தது, போன வாரம் வரை. நீ நலமா என்று இந்த முறை கேட்கவில்லை, நலமாக இரு என்று சொல்லத்தான் இந்தக் கடிதமே.

நீ கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன் என்று எழுதினாலும் எழுதினாய், வீட்டில் வேறு பேச்சே இல்லை. தையல் மிஷினைத் தவிர வேறெதையும் ஓட்டிப் பழகாத உன் அப்பா இப்போது ஃபோர்க்லிஃப்டில் பெரிய நிபுணர். எல்லாம் உன் பெரியப்பாவால் வந்தது. அவர் மகன் வேறொரு கிடங்கில் ரீச் டிரக் ஓட்டுகிறானே, அந்த வண்டி குறுகலான சந்தில் நுழைந்து இரும்புக் கையை நீட்டி உயர அடுக்கில் பெட்டியை வைக்குமாம். அதில் பக்கவாட்டில்தான் உட்கார வேண்டும் என்று தெரிந்ததும், நேராக உட்காரக்கூட வழியில்லாத வண்டி என்று அப்பா அதை ஒதுக்கிவிட்டார். பெரியப்பா விடுவாரா, உன் மகன் ஓட்டும் ஆர்டர் பிக்கரில் உட்காரவே இடமில்லையே என்றார். மற்றதெல்லாம் சரக்கைத் தூக்கும், இது ஓட்டுகிற ஆளையே மேல் அடுக்குவரை தூக்கும் என்று அப்பா மார்தட்டினார். பின்பக்கம் எடை வைத்து லாரியிலிருந்து பாரம் இறக்கும் கவுண்டர்பேலன்ஸ் வண்டிக்கு இருவரும் சுமாரான மரியாதை கொடுத்தார்கள், அதிலும் டீசல் வண்டி புகை விடுவதால் வெளி வாசலோடு சரி, உள்ளே வர பேட்டரி வண்டிக்குத்தான் அனுமதி. கடைசியாகக் கையால் தள்ளும் பேலட் டிரக், அப்பா பாஷையில் தள்ளுவண்டி. ஒரு சாண் தூக்கினாலே அதிகம் என்று சொல்லி அண்ணனும் தம்பியும் ஒன்றாகச் சிரித்தார்கள், அவர்கள் எதிலாவது ஒத்துப்போய் வருஷக்கணக்காகிறது. அதோடு அப்பா விட்டாரா, நீ எப்படி மேலே போகிறாய் என்று காட்ட நாற்காலி மேல் ஏறி நின்றார், நாற்காலியை நான் பிடித்துக்கொண்டேன்.

போன வாரம் சாப்பிடும்போது உன் தங்கை உளறிவிட்டாள், அவளைத் திட்டாதே. நீ மேலே போகும்போது இடுப்புப் பட்டியின் கயிற்றைக் கொக்கியில் மாட்டுவதில்லையாம், எட்டி எடுக்க இடைஞ்சலாம், வேலை மெதுவானால் சூப்பர்வைசர் முறைக்கிறாராம். பயமாக இருந்தால் தள்ளுவண்டிக்கு மாறிக்கொள் என்று கிடங்கில் அவர்களே சொன்னார்களாம், அப்பாவுக்கு அவமானமாகப் போய்விடும் என்று நீதான் மறுத்துவிட்டாயாம். நான் ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்க்கிறவள், மேலிருந்து விழுந்தவர்களைத் தினமும் புரட்டிப் படுக்க வைக்கிறவள். அப்பா பாதிச் சாப்பாட்டில் கை கழுவிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார்.

மறுநாள் கடையைத் திறக்காமல் என்னைக் கூட்டிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனார். அங்கே பெரியப்பாவின் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள், பெரியப்பா தன் மகன் புகழ் பாடிக்கொண்டிருந்தார். அப்பா உட்காரக்கூட இல்லை. "எம்பையன் ஓட்டுறது தள்ளுவண்டிதாண்ணே. நான்தான் பெருசா சொல்லிட்டேன்" என்றார். பெரியப்பாவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே, காது சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி சம்பந்தி முன்னால் இன்னொரு தடவை சொல்ல வைத்தார். அப்பா இன்னொரு தடவையும் சொன்னார். இத்தனை வருஷத்தில் அண்ணனிடம் அவர் தோற்று நான் பார்த்ததே இல்லை. திரும்பி வரும்போது, "இனிமே அவன் கீழ எறங்கிக்கலாம்ல?" என்று என்னைக் கேட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

வேளைக்குச் சாப்பிடு, கிடங்கில் குளிர் அதிகம் என்றாயே, உள்ளே ஒரு சட்டை சேர்த்துப் போட்டுக்கொள். வேலை மாறும்வரை கொக்கியை மாட்டாமல் ஓரடி மேலே போகாதே, முறைக்கிறவர் முறைத்துவிட்டுப் போகட்டும். நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். உன் அப்பா ஊரறியச் சொன்னது இன்றுவரை பொய்யாகத்தான் இருக்கிறது, கடிதம் கிடைத்த மறுநாள் காலையில் முதல் வேலையாகப் போய்த் தள்ளுவண்டியைக் கேட்டு அதை உண்மையாக்கிவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா