முகத்துவாரம் பற்றிய மூன்றாவது கேள்வி

டிசம்பர் 8, திங்கள்.

எங்கள் எம்.பி.யின் உதவியாளராக நான் எழுதிக் கொடுத்த துறைமுகக் கேள்வி, நாடாளுமன்றக் கேள்விகளுக்கான குலுக்கலில் மூன்றாவதாக வந்துவிட்டது. வியாழக்கிழமை மந்திரி எழுந்து நின்று பதில் சொல்லியே ஆக வேண்டும்.

வலை தைத்துக்கொண்டிருந்த அண்ணன் சிரித்தான். "முகத்துவாரத்துல மணல் மூடி வள்ளம் கவிழுதது உனக்கே தெரியும்லா ஏட்டி? பின்ன என்னத்துக்குக் கேள்வி?"

எனக்குச் சுருக்கென்றது. "தெரியாம கேக்கல்ல அண்ணே. அத மந்திரி வாயால சபையில சொல்ல வைக்கணும். சொல்லிட்டா பின்ன இல்லேன்னு சொல்ல முடியாது."

அவன் ஊசியை நிறுத்தினான். "அப்போ இதையும் கேளு. கடல் கொந்தளிக்குத ஆடி மாசம் மந்திரி என் வள்ளத்துல ஏறி அந்த வழியா ஒருக்கா வருவாரா?"

மந்திரி பதில் சொன்னதும் எம்.பி. எழுந்து கேட்க வேண்டிய துணைக் கேள்விகளில் அதைத்தான் முதலில் எழுதியிருக்கிறேன். எம்.பி. அதை அடித்து நீக்கிவிட்டால் மறுபடியும் எழுதுவேன்.